ஹிட்டுக்குப் பக்கத்துப் பாட்டுகள்

வாசகர் கேள்வி – பதில்: இசைப் பக்கம்

இம்முறை கேள்விகள் எல்லாமே டேரில் ஹால், ஜான் ஓட்ஸ் ஜோடியைப் பற்றியவை. 1967இல் பிலடெல்பியாவில் சந்தித்து, 1972இல் முதல் ஆல்பம் போட்டு, அமெரிக்கப் பட்டியலில் 6 பாட்டுகளை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர்கள்.

ஆர்.கே., மயிலாப்பூர்: 'மேன்ஈட்டர்', 'கிஸ் ஆன் மை லிஸ்ட்', 'ப்ரைவேட் ஐஸ்' எல்லாம் மனப்பாடம். தொகுப்பு சிடி தேய்ந்தே போய்விட்டது. இனி எங்கே தொடங்கலாம்?

அந்தத் தொகுப்பு 1983இல் வந்த 'ராக் அண்ட் சோல் பார்ட் 1' என்றால், அதிலுள்ள 12 பாட்டில் எழுபதுகளில் எழுதியவை நான்கே. எழுபதுகளில் இவர்கள் போட்ட ஸ்டுடியோ ஆல்பங்களோ எட்டு. உங்களுக்கு இன்னும் ஒரு அலமாரி பாக்கி இருக்கிறது.

1973இல் வந்த 'அபாண்டண்ட் லஞ்சனெட்' ஆல்பத்தில் தொடங்குங்கள். தயாரிப்பு ஆரிஃப் மார்டின். டிரம்ஸ் வாசித்தவர்களில் பெர்னார்ட் பர்டியும் உண்டு. அட்டைப்படத்தில் இருப்பது ஹாலின் சொந்த ஊரான பாட்ஸ்டவுனுக்கு அருகே பாழடைந்து கிடந்த ரோஸ்டேல் டைனர். மொத்தம் ஒன்பது பாட்டு. அதில் உலகத்துக்குத் தெரிந்தது 'ஷீஸ் கான்' மட்டும். அதுவும் உடனே தெரிந்துவிடவில்லை. 1974இல் 60ஆம் இடத்தோடு நின்றது. அதே ஆண்டு டவாரேஸ் குழு பாடி ஆர்-அண்ட்-பி பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1976இல் மறுபடி வெளியிட்ட பிறகுதான் மூலப் பதிவு 7ஆம் இடத்துக்கு வந்தது.

மற்ற எட்டில் முதலில் கேட்க வேண்டியது, ஆல்பத்துக்குப் பெயர் தந்த பாட்டு. மூடிப்போன சாப்பாட்டுக் கடையில், கையில் இல்லாத கோலாவை உறிஞ்சிக்கொண்டு ஒரு வயதான ஜோடி உட்கார்ந்திருக்கிறது. மாதா மாதம், வருஷா வருஷம் என்று காலம் நகர நகர வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. ஹாலின் குரல் மட்டும் பதற்றப்படுவதே இல்லை. முதல் தடவை கேட்கும்போது வரிகளைப் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை பின்னணியில் என்ன வந்து சேர்கிறது என்பதை மட்டும் எண்ணுங்கள்.

அடுத்தது கடைசிப் பாட்டான 'எவ்ரிடைம் ஐ லுக் அட் யூ'. 7 நிமிடம். ஃபங்க் கிடாரில் தொடங்கி, முடிவில் பாஞ்சோவும் ஃபிடிலும் சேர்ந்த கிராமியக் கூத்தாக மாறிவிடும். பாதியில் வேறு யாருடைய ரெக்கார்டோ ஓடுகிறது என்று எழுந்துபோய்ப் பார்த்துவிடாதீர்கள்.

'லாஸ் வேகாஸ் டர்ன்அரவுண்ட்' பாட்டில் வரும் விமானப் பணிப்பெண்தான் சாரா ஆலன். 1976இல் ஹிட்டான 'சாரா ஸ்மைல்' அவரைப் பற்றியதுதான். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள்.

எஸ்.வி., திருவான்மியூர்: 'எவ்ரிடைம் யூ கோ அவே' பால் யங் பாட்டு இல்லையா? ஹால் பாட்டு என்று நண்பர் சண்டைக்கு வருகிறார்.

நண்பர் சொல்வது சரி. எழுதியவர் ஹால். 1980இல் வந்த 'வாய்ஸஸ்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஆல்பத்திலிருந்து நான்கு பாட்டுகளைச் சிங்கிளாக விட்டார்கள். இதை விடவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1985இல் பால் யங் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார்.

இரண்டையும் ஒப்பிட ஒரு வழி. பால் யங் பதிவில் பேஸை மட்டும் பின்தொடருங்கள். ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) இல்லாத பேஸ் கிடார் என்பதால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிக்கொண்டே போகும். ஹால் பதிவில் அந்த வேலையை ஆர்கன் செய்கிறது. தேவாலயப் பாட்டின் நடை, அவசரமே இல்லாத தாளம். கடைசி ஒன்றரை நிமிடத்தில் ஹால் ஒரே வரியை எடுத்து வைத்துக்கொண்டு சங்கதி மேல் சங்கதியாகப் போடுகிறார். சபாவில் நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். ஒரு வித்தியாசம்: இங்கே ஏறியதும் இறங்கி வருவதில்லை. மேல் ஸ்தாயியிலேயே நின்றபடி ஒலி மங்கிவிடும். ரேடியோவுக்காக நறுக்கினால் முதலில் போவது இந்தப் பகுதிதான்.

ஜே.எம்., கோடம்பாக்கம்: எங்கள் மெல்லிசைக் குழுவில் ஆண் குரல்கள் இரண்டு, கோரஸ் பாட மூன்று பேர், கீபோர்டு, கிடார், பேஸ், டிரம்ஸ். ரிசப்ஷனில் இவர்கள் பாட்டு ஒன்று வைக்க ஆசை. ஒத்திகையில் எடுபடவில்லை. எங்கே தப்பு?

எந்தப் பாட்டு என்று எழுதவில்லை. பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் சறுக்கும்.

முதலாவது, இரண்டு ஆண் குரலையும் மூன்றாம் சுர இடைவெளியில் அடுக்குவது. நம் சினிமாப் பழக்கம் அது. 'ஷீஸ் கான்' சரணத்தைக் கவனித்துக் கேளுங்கள். ஓட்ஸ் கீழே, ஹால் அதே மெட்டில் ஒரு ஸ்தாயி மேலே. ஒத்திசைவு பல்லவியில்தான் வருகிறது. சரணத்திலேயே அடுக்கிவிட்டால் பல்லவி வரும்போது ஏறுவதற்கு இடமே இருக்காது. கடைசிப் பகுதி அரைச்சுரம் அரைச்சுரமாக மேலே போகும். பாடகரின் உச்ச சுரத்தை முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் தொடக்கச் சுருதியை வையுங்கள். தொடக்கத்தில் வசதியான சுருதியை எடுத்தவர்கள் எல்லாம் கடைசியில் கத்தியிருக்கிறார்கள்.

இரண்டாவது, கோரஸ். மூன்று பேரும் சுரத்தை நேராகப் பிடிக்க வேண்டும், ஒரே நொடியில் விட வேண்டும். நம்மவர்களுக்கு நீண்ட சுரம் கிடைத்தால் தொண்டை தானாக அசைந்துவிடும். ஒருவர் அசைத்தாலும் அடுக்கு கலைந்து மூன்று தனி ஆட்களாகக் கேட்கும். பயிற்சி எளிது. வார்த்தையை எடுத்துவிட்டு 'ஊ' என்று மட்டும் 8 எண்ணிக்கைக்குப் பிடிக்கச் சொல்லுங்கள். கை காட்டியதும் நிறுத்தட்டும். அரை மணி நேரம் போதும்.

மூன்றாவது, டிரம்ஸ். 'ஐ கான்ட் கோ ஃபார் தட்' பாட்டில் முதலில் கேட்பது ரோலண்ட் சிஆர்-78 என்ற தாளப் பெட்டி. அதற்குள் ஆலையிலேயே பதிந்துவைத்த ராக் தாளம் ஒன்று. அதன் மேல் ஹால் ஆர்கன் வாசித்தபடி பாட்டைக் கட்டினார். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 110 தட்டு. டிரம்மர் நான்கு அளவுக்கு ஒருமுறை உருட்டினால் பாட்டு செத்துப்போகும். கீபோர்டிலேயே மெல்லிய தாளம் ஒன்றை ஓடவிட்டு, டிரம்மரைக் கிக், ஸ்னேர், ஹைஹாட் மூன்றோடு நிறுத்துங்கள். க்ராஷ் சிம்பலைக் கழற்றி வைத்துவிடுவது உத்தமம். அவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கீபோர்டில் கிராண்ட் பியானோ ஒலியைத் தவிர்த்து எலெக்ட்ரிக் பியானோ எடுங்கள். இடது கையை மடியில் வையுங்கள். அந்த இடம் பேஸுக்குச் சொந்தம்.

பி.என்., அண்ணாநகர்: நியூஜெர்சியில் இருந்த அண்ணன் தன் பழைய டர்ன்டேபிளையும் இவர்களின் எல்பிகளையும் கொடுத்துவிட்டார். 110 வோல்ட் என்பதால் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டேன். ஓடுகிறது. ஆனால் ஹாலின் குரல் ஓட்ஸ் குரல் மாதிரி கேட்கிறது. ரெக்கார்டு வளைந்திருக்குமோ?

ரெக்கார்டு மேல் தப்பில்லை. ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் இறக்கும், ஹெர்ட்ஸை (மின்சாரத்தின் அலைவெண்ணை) மாற்றாது. அமெரிக்காவில் 60, இங்கே 50. சில பழைய டர்ன்டேபிள்களில் உள்ள ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்தே சுழலும். அதனால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வர வேண்டிய தட்டில் சுமார் 27.8 சுற்றுதான் வருகிறது. சுருதி மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று அதிகமாகவே இறங்கிவிடும். ஐந்தேகால் நிமிட 'ஷீஸ் கான்' 6 நிமிடம் 18 நொடி ஓடும். கடிகாரம் வைத்துப் பாருங்கள், இதே கணக்கு வந்தால் நோய் இதுதான்.

பின்புறத் தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்து, 50/60 என்று இல்லாவிட்டால் சந்தேகமே வேண்டாம். டிசி மோட்டார், குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தாலும் அது சில சதவீதத்துக்குத்தான். 20 சதவீதம் அதனால் ஆகாது.

மருந்து, மோட்டார் புல்லியை, அதாவது பெல்ட்டை ஓட்டும் சின்னச் சக்கரத்தை, மாற்றுவது. அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைத்தால் அதை வாங்கிப் போடுங்கள். கிடைக்காவிட்டால் லேத்தில் பித்தளையில் கடையச் சொல்லலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய புல்லி 10 மில்லிமீட்டர் என்றால் 1.2ஆல் பெருக்கி 12 என்று கொடுத்துவிடுகிறார்கள். பெல்ட்டின் கனத்தையும் சேர்க்க வேண்டும். பெல்ட் 0.6 மி.மீ. என்றால் கணக்குக்கு எடுக்க வேண்டியது 10.6. அதை 1.2ஆல் பெருக்கினால் 12.72. திரும்ப 0.6ஐக் கழித்தால் 12.12. இந்த 0.12 மி.மீ. விட்டுப்போனால் வேகம் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். கூடவே கீபோர்டு வாசித்துப் பார்ப்பவருக்கு அது தெரியும். புல்லியில் 45 சுற்றுக்கான மேல்படிக்கும் இதே கணக்குத்தான். துளை நடுவில் இல்லாமல் மயிரிழை விலகினாலும் நீண்ட பியானோ சுரம் அலையடிக்கும். கடைந்ததும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரிபார்க்க ஸ்ட்ரோப் தாள் வேண்டும், தட்டின் மேல் வைக்கும் கோடு போட்ட வட்டத் தாள் அது. 50 ஹெர்ட்ஸுக்கு 180 கோடு உள்ளதை எடுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததில் 216 கோடு இருக்கும், இங்கே அது பொய் சொல்லும். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் அடியில் பாருங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. நல்ல எல்இடி விளக்கு மினுக்காது என்பதால் அதன் அடியில் எதுவும் தெரியாது.

டி.எல்., பெரம்பூர்: பழைய 'அபாண்டண்ட் லஞ்சனெட்' எல்பி ஒன்று கிடைத்தது. முதல் பாட்டுகள் சுத்தம். பக்கம் முடியும் இடத்தில் 'ஸ' வரும்போதெல்லாம் கரகரப்பு. கழுவினால் போகுமா?

பாதி போகலாம். எல்பியின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் ஒரு நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் கடக்கிறது. லேபிளுக்குப் பக்கத்தில் 21 செ.மீ.தான். அதே அளவு ஒலியை அரைவாசிக்கும் குறைவான நீளத்தில் அடக்க வேண்டியிருப்பதால், உச்ச சுரமும் 'ஸ', 'ஷ'வும் நெருங்கிக்கொள்கின்றன. ஊசி மொக்கையாக இருந்தால் அந்த நெருக்கத்துக்குள் நுழையாமல் மேலே உரசிக்கொண்டு போகும். ஒருவகையில், ஆல்பத்தின் கடைசிப் பாட்டுகளை யாரும் கவனிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்தான். நல்ல பாட்டை மோசமான இடத்தில் குடிவைத்தாகிவிட்டது.

முதலில் கழுவுங்கள். வாலை வடிநீர் நாலு பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, அரை லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. மூன்றாவதாக ஒரு சொட்டு போனாலும் காய்ந்து படலமாக நிற்கும். மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர் எதுவும் வேண்டாம், உப்பு பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். லேபிள் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் ஓடும் வட்டத் திசையிலேயே துடையுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். பிறகு வெறும் வாலை வடிநீரால் இன்னொரு தடவை. நிழலில் செங்குத்தாக நிறுத்தி ஒரு மணி நேரம் காயவிடுங்கள். தாத்தா காலத்து 78 சுற்று அரக்கு ரெக்கார்டுக்கு இந்தக் கலவை ஆகாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

கழுவியும் கரகரத்தால் ஊசியைப் பாருங்கள். கூம்பு ஊசி என்றால் நீள்வட்ட ஊசிக்கு மாறுங்கள், பாதிக் குறை அங்கேயே தீரும். அழுத்தம், கார்ட்ரிட்ஜோடு (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) வந்த தாளில் சொன்ன அளவு இருக்க வேண்டும். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம். ரெக்கார்டு தேயுமே என்று ஒரு கிராமுக்குக் குறைப்பவர்கள் உண்டு. லேசான ஊசி பள்ளத்துக்குள் குதிக்கும், குதிக்கும் ஊசிதான் அதிகம் அறுக்கும். இதெல்லாம் சரியாக இருந்தும் இரண்டு 'ஸ' விடாமல் கரகரத்தால், முந்தைய சொந்தக்காரரின் ஊசி அங்கே பள்ளத்தைத் தின்றுவிட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது.

நம் ஊர்க் காற்றுக்கு இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் அட்டைக்குள் இருக்கும் காகித உறை ஈரத்தை உறிஞ்சி ரெக்கார்டில் வெள்ளைப் பூஞ்சையாக இறக்கும். பழைய காகித உறையை எறிந்துவிட்டு பாலித்தீன் உள்ளுறை போடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடி அறையிலோ காருக்குள்ளோ வைத்தால் வளைவது நிச்சயம்.

ஏ.எஃப்., சாந்தோம்: ஓட்ஸ் வெறும் கிடாரும் மீசையும்தானா?

இந்தக் கேள்வி கேட்டவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினால் மெரினா கொள்ளாது. 'ஹேட் ஐ நோன் யூ பெட்டர் தென்' (1973), 'பேக் டுகெதர் அகெய்ன்', 'கிரேசி ஐஸ்' (இரண்டும் 1976), 'ஹவ் டஸ் இட் ஃபீல் டு பி பேக்' (1980), 'மானோ ஆ மானோ' (1981), 'இட்டாலியன் கேர்ள்ஸ்' (1982). இந்த ஆறையும் இதே வரிசையில் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். முதல் பாட்டின் அக்கூஸ்டிக் கிடாரில் ஃபோக் பழக்கம் தெரியும். 1976க்குள் அதே கை ஃபங்க் தாளத்துக்குப் பழகிவிட்டது. 'கிரேசி ஐஸ்' என்னைக் கேட்டால் அந்த ஆல்பத்தின் 'ரிச் கேர்ள்' ஹிட்டைவிட ஒரு படி மேல்.

கே.ஜி., அடையாறு: பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் இவர்கள் ஆல்பத்தில் வாசித்தாராமே?

ஆமாம். 1978, 'அலாங் தி ரெட் லெட்ஜ்', 'தி லாஸ்ட் டைம்' பாட்டு. டேவிட் ஃபாஸ்டர் தயாரிப்பு. அதே ஆல்பத்தில் 'டோன்ட் பிளேம் இட் ஆன் லவ்' பாட்டில் கிங் கிரிம்சன் குழுவின் கிடாரிஸ்ட் ராபர்ட் ஃப்ரிப். பெரிய பெயர்களைத் தேடிப் போகிறவர்கள் ஆல்பத்தின் கடைசியில் இருக்கும் 'ஆகஸ்ட் டே' பாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வரிகள் சாரா ஆலன். பியானோ, தாழ்ந்த குரல், நகராத ஒரு மதியம். மின்விசிறி இல்லாத புழுக்கத்தை இவ்வளவு சரியாகப் பிடித்த பாட்டுகள் குறைவு.

ஃப்ரிப் பிடித்திருந்தால் ஹாலின் தனி ஆல்பம் 'சேக்ரட் சாங்ஸ்' கேளுங்கள். பதிவானது 1977, தயாரிப்பு ஃப்ரிப். விற்காது என்று கம்பெனி உள்ளேயே வைத்திருந்து 1980இல்தான் வெளியிட்டது.

எம்.எச்., ராயப்பேட்டை: எண்பதுகளின் ஆல்பங்களில் ஹிட் தவிர ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் எழுபதுகள் அளவுக்கு இல்லை. 'ப்ரைவேட் ஐஸ்' (1981) ஆல்பத்தில் 'லுக்கிங் ஃபார் எ குட் சைன்' பாட்டு டெம்ப்டேஷன்ஸ் குழுவுக்கு வைத்த வணக்கம். நான்கு வருஷம் கழித்து அந்தக் குழுவின் டேவிட் ரஃபினும் எடி கெண்ட்ரிக்ஸும் நியூயார்க் அப்போலோ அரங்கில் இவர்களோடு ஒரே மேடையில் பாடினார்கள். அந்த நேரடிப் பதிவும் கிடைக்கிறது. 'எச்டூஓ' (1982) ஆல்பத்தில் 'ஆர்ட் ஆஃப் ஹார்ட்பிரேக்', 'ஓபன் ஆல் நைட்'. போதும்.

வி.டி., தாம்பரம்: ஒன்றைத் தவிர்க்கச் சொன்னால்?

1977, 'பியூட்டி ஆன் எ பேக் ஸ்ட்ரீட்'. வேண்டுமானால் 'டோன்ட் சேஞ்ச்' மட்டும்.

எல்.ஆர்., வேளச்சேரி: 'பிகர் தேன் போத் ஆஃப் அஸ்' ஆல்பத்தை இரண்டு தடவை முழுசாகக் கேட்டுவிட்டேன். அந்தப் பெயரில் பாட்டே இல்லையே? என் பிரதியில் விட்டுப்போனதா?

விட்டுப்போகவில்லை. ஆல்பம் 1976. அந்தப் பெயருள்ள பாட்டு அடுத்த வருஷம், மேலே தாம்பரம் வாசகரைத் தவிர்க்கச் சொன்ன அதே ஆல்பத்தில் இருக்கிறது. மன்னிக்கவும், அதற்காக ஒரு தடவை கேட்க வேண்டியதுதான்.

சி.பி., நங்கநல்லூர்: ஸ்ட்ரீமிங்கில் தேடினால் ஒரே பாட்டு மூன்று நான்கு நீளத்தில் வருகிறது. எதை எடுப்பது?

பாட்டைத் தேடாதீர்கள், ஆல்பத்தைத் தேடுங்கள். அட்டைகளில் இவர்கள் பெயர் எப்போதும் டேரில் ஹால், ஜான் ஓட்ஸ் என்று முழுசாகத்தான் வரும். அப்படியே தட்டினால் அசல் ஆல்பங்கள் மேலே வரும். பிறகு நீளத்தைப் பாருங்கள். 'ஷீஸ் கான்' மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்தால் அது ரேடியோவுக்கு வெட்டியது. 'ஐ கான்ட் கோ ஃபார் தட்' 5 நிமிடத்தைத் தாண்ட வேண்டும், தாண்டாவிட்டால் சார்லி டிசான்டின் சாக்ஸபோனில் கணிசமான பகுதி போய்விட்டது. ஆண்டு 1983க்குப் பிறகு இருந்தால் பெரும்பாலும் தொகுப்பு, நேரடிப் பதிவு அல்லது ரீமாஸ்டர். ஷஃபிள் பொத்தானை அணைத்துவிடுங்கள். 'எவ்ரிடைம் ஐ லுக் அட் யூ' ஒன்பதாவதாக வந்தால்தான் அந்தப் பாஞ்சோ சிரிப்பு வரவழைக்கும்.